லாரிக்கு உள்ள நியாயம் வணிகனுக்கு வேண்டாமா?

வடநாட்டிலிருந்து பருப்பு ஏற்றி வரும் லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிடுகிறது. இ-வே பில்லின் காலம் அன்று நள்ளிரவோடு முடிகிறது. டிரான்ஸ்போர்ட்காரர் என்ன செய்வார் என்பது நம் வணிகர்கள் அனைவரும் அறிந்ததே. காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பின் எட்டு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் கணினியில் காரணத்தைப் பதிந்து, மீதமுள்ள தூரத்துக்கு ஏற்பக் காலத்தை நீட்டித்துக் கொள்வார். வெள்ளம், விபத்து, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, சரக்கு வேறு வண்டிக்கு மாற்றப்படுவதில் தாமதம் என்று காரணங்களும் அங்கேயே வரிசையாக உள்ளன. யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஜி.எஸ்.டி.யில் நமக்கு ஆயிரம் குறைகள் இருக்கலாம். அவற்றை இந்த இதழில் தொடர்ந்து எழுதித்தான் வருகிறோம். ஆனால் இந்த ஒரு விதியில் நியாயம் இருக்கிறது. வழியில் தடை வரும் என்பதைச் சட்டம் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. என்ன காரணம் செல்லும், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், எத்தனை நாள் கிடைக்கும் என்பதை எழுதியும் வைத்திருக்கிறது.

அதே பருப்பு வணிகர் சுற்றுலா விசாவில் வெளிநாடு போயிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். புயலோ போரோ வந்து அவருடைய விமானம் ரத்தாகிறது. அவருடைய விசாக் கெடு முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. அவருக்கு என்ன விதி? பல நாடுகளில் இதற்கு விடை, அன்றைக்கு அந்த அரசு என்ன அறிவிக்கிறது என்பதைப் பொறுத்தது. அல்லது கவுண்டரில் இருக்கும் அதிகாரியைப் பொறுத்தது. சரக்குக்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. சரக்கின் சொந்தக்காரருக்கு இல்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அது மாறும் வரை நாம் எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்பதையும் பார்ப்போம்.

மளிகைக்காரருக்கு விசா எதற்கு?

"கடையை ஒரு நாள் மூடவே நேரமில்லை, நமக்கு ஏன் இந்த விசாப் பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் காலம் போய்விட்டது. சங்கங்களே உறுப்பினர்களைக் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா என்று அழைத்துச் செல்கின்றன. மகன் துபாயில் வேலை பார்க்கிறான், மகள் சிங்கப்பூரில் குடியிருக்கிறாள் என்னும் வீடுகள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் உண்டு. பாங்காக் சந்தையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று இளைய தலைமுறை வணிகர்கள் கிளம்புகிறார்கள். யாழ்ப்பாணம் செல்ல நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விடப்பட்டது. சில நாட்களிலேயே பருவமழையால் நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது.

விசா கிடைப்பதும் எளிதாகிவிட்டது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கியது. தாய்லாந்து அதற்குச் சற்று முன்னர், 2023 நவம்பரில், அதே சலுகையை அளித்தது. இத்தகைய சலுகைகளின் நாட்கணக்கு அடிக்கடி மாறும் என்பதால் புறப்படும் முன் அந்த நாட்டின் அன்றைய விதியைப் பார்த்துக் கொள்வது அவசியம்.

இங்கேதான் ஒரு தவறான எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. விசா வேண்டாம் என்றால் கெடுவும் இல்லை என்று பலர் நினைத்துக் கொள்கிறார்கள். விசா வேண்டாம் என்பது வாசலில் கேள்வி குறைவு என்பதுதான். உள்ளே எத்தனை நாள் என்பது அப்போதும் எழுதப்பட்ட கணக்கே. கணக்கு தாண்டினால் தண்டனை ஒன்றுதான்.

அந்தத் தண்டனை எப்படிப்பட்டது? தாய்லாந்தில் கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். 90 நாளுக்கு மேல் தாண்டினால் தாமாக வந்து ஒப்புக்கொண்டாலும் ஓராண்டுக்கு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நாளொன்றுக்கு 50 திர்ஹாம். சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் கெடு தாண்டித் தங்கினால் சிறையோடு ஆண்களுக்குப் பிரம்படியும் சட்டத்தில் உண்டு. பணம் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். ஆனால் "எந்த நாட்டிலாவது கெடு தாண்டித் தங்கியதுண்டா?" என்று பிற்பாடு வேறொரு நாட்டின் விசாப் படிவம் கேட்கும்போது "உண்டு" என்று எழுத வேண்டி வருமே, அதுதான் பெரிய நட்டம். கடன் சந்தையில் ஒருமுறை பெயர் கெட்டால் என்ன ஆகும் என்பதை வணிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு தேதிகள்

விசா விஷயத்தில் இரண்டு தேதிகள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதால் வரும் தொல்லையே அதிகம்.

மருந்துக் கடையில் விற்கும் சொட்டு மருந்துப் புட்டியைப் பாருங்கள். இன்ன மாதம் வரை நல்லது என்று ஒரு தேதி இருக்கும். திறந்த பிறகு இத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இன்னொரு கணக்கும் இருக்கும். விசாவும் அப்படித்தான். இன்ன தேதிக்குள் நாட்டுக்குள் நுழையலாம் என்பது முதல் தேதி. நுழைந்த பின் இத்தனை நாள் தங்கலாம் என்பது இரண்டாவது. விசாத் தாளில் ஆறு மாதம் என்று போட்டிருக்கும். தங்க அனுமதி 30 நாளாக இருக்கும். விமானம் ரத்தானால் நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது தேதியைத்தான்.

பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை குத்தும் நாடுகளில் அந்த முத்திரையிலேயே தேதி இருக்கும். சிங்கப்பூரில் இப்போது முத்திரை கிடையாது. மின்னஞ்சலில் வரும் அனுமதிச் சீட்டில்தான் தேதி இருக்கிறது. டிராவல்ஸ்காரரிடம் மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்களுக்கு அந்தச் சீட்டு அவரிடம்தான் போய்ச் சேரும். ஆகவே சொந்த மின்னஞ்சலையே கொடுக்க வேண்டும்.

முத்திரையில் உள்ள தேதியை விடக் கூடுதலாக ஒரு நாளும் நமக்குச் சொந்தமில்லை. நமது விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுபவை. கெடு முடியும் நாளின் இரவில் டிக்கெட் எடுத்து, விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலே தேதி மாறிவிடும். திரும்பும் டிக்கெட்டை எப்போதும் கெடுவுக்கு மூன்று நாட்களாவது முன்னதாக எடுப்பதே விவேகம். கடைசி மூட்டை தீரும் வரை காத்திருந்து ஆர்டர் போடும் மளிகைக்காரர் உண்டா?

2020 கற்றுத் தந்த பாடம்

பயணத் தடை என்றால் என்ன என்பதை உலகமே அறிந்து கொண்ட ஆண்டு 2020. அந்த ஆண்டு மார்ச் 17 அன்று மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து பயணிகள் வருவதற்கு இந்தியா உடனடித் தடை விதித்தது. கையில் டிக்கெட்டுடன் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வந்த நம்மவர்கள் அங்கேயே சிக்கினார்கள். மறுநாள் மார்ச் 18 முதல் மலேசியாவிலும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. மார்ச் 22-க்குப் பின் இந்தியாவுக்கு வரும் வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் அனைத்தும் நின்றன. அவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27-இல்தான். இடையில் 2020 மே 7 முதல் வந்தே பாரத் திட்டத்தின் சிறப்பு விமானங்கள் வந்தன. கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் 2020 ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

30 நாள் அனுமதியோடு போனவர் வீடு திரும்ப இரண்டு மூன்று மாதங்கள் ஆயின. இந்த இடைவெளியில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடந்து கொண்டது. அதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

தாய்லாந்தில் முதலில் வழக்கமான முறையே இருந்தது. நீட்டிப்பு வேண்டுமானால் விண்ணப்பம் தர வேண்டும், தூதரகக் கடிதம் வேண்டும் என்றார்கள். நோய் பரவும் நேரத்தில் குடிநுழைவு அலுவலகத்தின் முன் வெளிநாட்டவர் நீண்ட வரிசையில் நின்றார்கள். பிறகுதான் அரசு விழித்துக் கொண்டது. மார்ச் 26 முதல் கெடு முடிந்தவர்களுக்கெல்லாம் விண்ணப்பமே இல்லாமல் தானாக நீட்டிப்பு என்று அறிவித்தது. அது ஜூலை 31 வரை என்றும், பின்னர் செப்டம்பர் 26 வரை என்றும் தள்ளிப்போடப்பட்டது.

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நடந்தது வேறு. மார்ச் 1-க்குப் பின் கெடு முடிந்த விசாக்கள் ஆண்டு இறுதி வரை செல்லும் என்று முதலில் அறிவித்தார்கள். டிசம்பர் வரை கவலை இல்லை என்று நம்மவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஜூலையில் அந்த அறிவிப்பு ரத்து செய்யப்பட்டது. சுற்றுலா விசாக்காரர்களுக்கு ஜூலை 12-இலிருந்து ஒரு மாத அவகாசம் தரப்பட்டது. பின்னர் அது சற்று நீட்டப்பட்டது. சலுகை என்பது கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் நாட்டிலும் சிக்கிக்கொண்ட வெளிநாட்டவர்களுக்கு விசா நீட்டிப்பு கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஏப்ரல் 30 வரை, பிறகு மே 3 வரை, பிறகு விமானங்கள் தொடங்கி 30 நாள் வரை என்று உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் ஒரு சுற்றறிக்கை. அதுவரை அந்தப் பயணி என்ன மனநிலையில் இருந்திருப்பார்? விற்பனை வரிக் காலத்தில் நாள் முடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் கெடு நீட்டிப்பு வருமா வராதா என்று அலுவலக வாசலில் காத்துக் கிடந்த நமக்கு அது நன்றாகவே புரியும்.

எழுதி வைத்தவர்கள் பிழைத்தார்கள்

சட்டமாக எழுதி வைக்க முடியாதா என்றால், முடியும். ஐரோப்பாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான விசா விதித்தொகுப்பு 2009-இல் இயற்றப்பட்டது. அதன் 33-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மனித சக்திக்கு மீறிய காரணத்தாலோ மனிதாபிமானக் காரணத்தாலோ ஒருவர் கெடுவுக்குள் வெளியேற முடியாமல் போய், அதற்கு ஆதாரமும் காட்டினால், அவருடைய விசாவை நீட்டித்தே ஆக வேண்டும். "நீட்டிக்கலாம்" என்று அதிகாரியின் விருப்பத்துக்கு விடவில்லை. அதற்குக் கட்டணமும் கிடையாது. சொந்தக் காரணங்களுக்காக நீட்டிப்பு கேட்பவருக்கு 30 யூரோ கட்டணம். அதைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. இரண்டையும் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள்.

இந்த விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 5. ஒன்பதே நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ஐஸ்லாந்தில் பனிமலைக்கு அடியிலிருந்த எரிமலை வெடித்தது. சாம்பல் மேகம் பரவி, ஐரோப்பாவின் பெரும்பகுதி வான்வெளி கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடப்பட்டது. ஒரு லட்சம் விமானங்கள் வரை ரத்தாயின. அந்த நேரத்தில் விதி புத்தகத்தில் தயாராக இருந்தது. மழை வருமுன் கூரை வேய்ந்தவன் கதைதான் அது.

ஏனைய நாடுகளிலும் சுற்றுலாப் பயணி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. தாய்லாந்தில் டி.எம்.7 என்னும் படிவம் உண்டு. கட்டணம் 1,900 பாட். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் கணினி வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் வழி இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு. விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று எழுதப்படாத வரை, அது அதிகாரியின் தயவுதான்.

எந்தக் காரணம் செல்லும்?

தடை என்று நாம் சொல்வதெல்லாம் அதிகாரியின் கணக்கில் தடை ஆகாது. அவர் கேட்கும் முதல் கேள்வி "வேறு வழியே இல்லையா?" என்பதாகத்தான் இருக்கும்.

காங்கேசன்துறையில் கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டது என்றால், யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ விமானம் இருக்கிறதே என்பார். துபாயிலிருந்து சென்னை விமானம் ரத்து என்றால், கொச்சி வழியாகப் போகலாமே என்பார். டிக்கெட் விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது என்பது நமக்குப் பெரிய காரணம். சட்டத்தின் பார்வையில் அது காரணமே அல்ல. ஆகவே வேறு வழிகளையும் தேடிப் பார்த்தோம், இடம் இல்லை என்பதற்கும் ஆதாரம் வைத்திருக்க வேண்டும்.

விமான நிலையமே மூடப்பட்டால் பேச்சு வேறு. 2008 நவம்பர் இறுதியில் போராட்டக்காரர்கள் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தைக் கைப்பற்றி ஒரு வாரத்துக்கு மேல் முடக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நமது சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் விமான நிலையம் தத்தளித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியைத் தற்காலிகமாக மூடியது. தோஹாவில் விமானம் மாற வேண்டியவர்கள், தாங்கள் போகவே நினைக்காத ஊரில் மாட்டிக் கொண்டார்கள். இவையெல்லாம் யாரும் மறுக்க முடியாத காரணங்கள். ஆனால் மறுக்க முடியாத காரணத்தையும் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் வந்துவிட்டது, அவர்களுக்கே தெரியும் என்று ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்தால் அபராதம் ஓடிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கெடு முடியும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். இ-வே பில்லில் கெடு முடிந்த பின்னும் எட்டு மணி நேரம் உண்டு. விசாவில் அந்த எட்டு நிமிடமும் இல்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். கணவன் மனைவி இருவர் பாங்காக்கில் பத்து நாள் மாட்டிக்கொண்டால், முறையாக நீட்டித்தால் இருவருக்கும் சேர்த்து 3,800 பாட். நீட்டிக்காமல் இருந்தால் 10,000 பாட் அபராதம், அதோடு பாஸ்போர்ட்டில் கறை.

இரண்டாவது, விமான நிறுவனத்திடம் எழுத்து வாங்க வேண்டும். விமான எண், தேதி, ரத்தான காரணம், அடுத்து இடம் தரக்கூடிய நாள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். "ரத்து" என்று வரும் குறுஞ்செய்தி மட்டும் போதாது. பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் நம் கையில் திரும்பும் டிக்கெட்டே இல்லை என்று ஆகிவிடும். நீட்டிப்பு கேட்பவர் எப்போது போவார் என்று காட்டியாக வேண்டும். எனவே கூடுமானவரை மாற்று விமானத்தையே கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிய வேண்டும். வெளியுறவுத் துறையின் 'மதத்' என்னும் குறைதீர்க்கும் தளம் 2015 முதல் இயங்கி வருகிறது. தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் உண்டு. கையில் காசில்லாமல் தவிக்கும் தகுதியானவர்களுக்குத் தங்குமிடம், உணவு, டிக்கெட் ஆகியவற்றுக்கு அதிலிருந்து உதவி செய்ய இடமிருக்கிறது. தமிழக அரசிலும் அயலகத் தமிழர்களுக்கெனத் தனித் துறை செயல்படுகிறது.

நான்காவது, தரகர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது. "நீங்கள் வரவே வேண்டாம், முத்திரை வாங்கித் தருகிறேன்" என்பவர் வாங்கித் தருவது பெரும்பாலும் போலி முத்திரை. கெடு தாண்டியது குற்றம். போலி முத்திரை அதைவிடப் பெரிய குற்றம்.

ஐந்தாவது, உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் போனவர் சுற்றுலாப் பயணிதான். தங்கியிருக்கும் கூடுதல் நாட்களில் உறவினர் கடையில் கல்லாவில் உட்காருவது, கொண்டுபோன சேலை, மசாலாவை விற்பது ஆகியவை நீட்டிப்பையும் கெடுத்து, பின்னால் வருபவர்களின் பெயரையும் கெடுக்கும்.

இங்கே கடை என்ன ஆகும்?

மாதச் சம்பளக்காரர் பத்து நாள் மாட்டிக்கொண்டால் விடுப்பு போகும். ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவர் மாட்டிக்கொண்டால் வியாபாரமே தடுமாறும். மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யாவிட்டால் வரி உள்ள கணக்குக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி.  மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் பாஸாக வேண்டிய நாளில் கணக்கில் பணம் போட ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாக்கல் செய்ய வரும் ஓடிபி எண், வெளிநாட்டில் வேலை செய்யாத செல்போனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

புறப்படும் முன் செல்போனுக்கு வெளிநாட்டு இணைப்பு போட்டுக் கொள்வதும், மனைவியோ மகனோ கணக்கரோ கையெழுத்திட அதிகாரம் தந்து வைப்பதும், அந்த மாதம் முடியும் உரிமங்களை முன்பே புதுப்பித்துவிடுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. ஊருக்குப் போகுமுன் கல்லாச் சாவியை யாரிடம் தருவது என்று யோசிக்கும் நாம் இதையும் யோசிக்க வேண்டும்.

நம் கோரிக்கை

"கெடுவைத் தளர்த்தினால் அதைச் சாக்காக வைத்துத் திருட்டுத்தனமாக வேலை பார்க்கத் தங்கிவிடுவார்களே" என்று அரசுகள் சொல்லக்கூடும். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இ-வே பில் நீட்டிப்பையும் ஏமாற்றுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதற்காக நீட்டிப்பே கிடையாது என்றா சொல்லிவிட்டார்கள்? காரணத்தைப் பதியச் சொன்னார்கள்; நேரத்தை வரையறுத்தார்கள்; வழியில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தையும் வைத்துக் கொண்டார்கள். விசாவுக்கும் அதே முறை போதும். விமானம் ரத்தானதற்கு ஆதாரம், அடுத்த விமானத்தின் தேதி, அந்தத் தேதி வரை மட்டும் நீட்டிப்பு. இதில் ஏமாற்ற இடம் ஏது?

ஆகவே நமது சங்கங்கள் நான்கு கோரிக்கைகளை மத்திய அரசின் முன் வைக்க வேண்டும். விசாச் சலுகை குறித்து மற்ற நாடுகளோடு பேசும்போதெல்லாம், பயணத் தடைக் காலத்தில் கட்டணமும் அபராதமும் இல்லாத நீட்டிப்பு என்னும் ஒரு ஷரத்தைச் சேர்க்கக் கேட்க வேண்டும். விமான நிலையம் மூடப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் இந்தியத் தூதரகம் ஒரு பொதுக் கடிதம் வெளியிட வேண்டும். ஆளுக்கு ஆள் வரிசையில் நின்று கடிதம் வாங்கும் நிலை கூடாது. விமான நிறுவனங்கள் ரத்துச் சான்றை, கேட்காமலேயே பயணியின் மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் சிக்கிய சிறு வணிகரின் தாமதக் கட்டணத்தை, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 128-ஆவது பிரிவில் உள்ள அதிகாரத்தைக் கொண்டு தள்ளுபடி செய்ய வழி காண வேண்டும்.

அதே நேரத்தில் நாம் கேட்பதை நம் நாடும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் வருகை, தங்கலுக்கான புதிய சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் கீழ் நிரந்தர விதி ஒன்றை எழுதி வைத்தால், புயல் நாளில் சென்னையில் சிக்கும் யாழ்ப்பாணத்துக்காரரும் மலேசியத் தமிழரும் அடுத்த சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாம் கொடுத்தால்தான் கேட்க வாய் இருக்கும். எடைக்கல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கடைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசு செய்யும் வரை சங்கங்கள் சும்மா இருக்கவும் வேண்டாம். குழுவாகச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஒவ்வொரு சங்கமும், உறுப்பினர் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் நகல், தங்கும் கெடு, வீட்டுத் தொலைபேசி எண் அடங்கிய பட்டியலை ஊரில் ஒரு நிர்வாகியிடம் ஒப்படைத்துவிட்டே புறப்பட வேண்டும். தடை வந்த அன்றே அவர் தூதரகத்துக்கும் அயலகத் தமிழர் துறைக்கும் ஒரே மனுவாக அனுப்பிவிடலாம். தனி ஆளாகக் கேட்டால் நாளை வா என்பவர்கள், நாற்பது பேர் பட்டியலைப் பார்த்தால் இன்றே உட்காரச் சொல்வார்கள். சங்கம் என்று ஒன்றை நாம் வைத்துக் கொண்டிருப்பது இதற்காகத்தானே?